முப்பத்திரண்டு தாள் நடை

எங்கள் ஒழுங்கையில் நீங்கள் நடந்து போகிறீர்கள் என்று வையுங்கள். பின்னால் யாரோ வருவது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒரு பெரிய மனிதர் வேலிக் கிளுவையில் எதையோ ஆராய்ந்துகொண்டு நிற்பார். நீங்கள் நடக்க அவரும் நடப்பார். நீங்கள் கையை வீசினால் அவரும் வீசுவார். நீங்கள் செருமினால் அவருடைய தோள் குலுங்கும். பைத்தியம் என்று நினைத்தால் அது உங்கள் பிழை. மலாயாவில் ஒரு கந்தோரில் தலை நரைக்கும் வரை எழுதிவிட்டு, பென்சனோடு எங்கள் ஊர் நாரந்தனைக்கு வந்து சேர்ந்தவர். மடிப்புக் கலையாத வேட்டி, தங்க விளிம்புக் கண்ணாடி, எங்கள் பக்கத்தில் ஒருவரிடமும் இல்லாத சீமெந்து நிலம் போட்ட வீடு. உங்கள் நடையை எடுத்துக்கொண்டு போக வந்தவர், அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டு போன நடையைத் தாளில் இறக்குவார். எல்லாம் உள்ளங்கை அகலத் தாள்கள். யன்னல் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டி, அதற்கு மேல் இன்னொன்றை வைத்தால், வெளியே அடிக்கிற வெயிலில் அடித்தாளின் கோடு தெரியும். அந்தக் கோட்டிலிருந்து மயிரளவு விலத்தி அடுத்த கோட்டைப் போடுவார். இப்படிக் கீறின தாள்களை அடுக்கி, ஓரத்தை ஊசி நூலால் தைத்து, பெருவிரலால் சர்ரென்று விட்டால் தாளுக்குள் ஆள் நடந்து போவார். மனிதரென்றால் எப்போதும் முதுகுப் பக்கம்தான் தெரியும். முகம் கீறமாட்டார். "முகத்தை ஆரும் திருத்தி வைக்கலாம் பிள்ளை. முதுகைத் திருத்த ஏலாது" என்பார். இவற்றுக்குப் புரட்டுக்கொப்பி என்று நாங்களாகவே பெயர் வைத்திருந்தோம். அவருடைய மேசை லாச்சிக்குள் ஊரில் பாதிப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.

இந்தக் கிறுக்கு மலாயாவில் பிடித்தது. அங்கே பயஸ்கோப்புக்குப் போனால் பெரிய படம் தொடங்கமுன் கீறின படம் ஒன்று காட்டுவார்களாம். ஒரு கொழுத்த ஆடு கண்ணாடி முன் நின்று தொப்பி போட்டுப் பார்க்கும், அப்படி ஏதாவது. அது முடிந்ததும் இவர் எழும்பி வெளியே வந்துவிடுவார். உயிருள்ள மனிதர்கள் ஆடிப் பாடி அழுவதைப் பார்க்க இவருக்குப் பொறுமை கிடையாது. அடுத்த நாள் அதே ஆட்டைப் பார்க்க மறுபடி காசு கொடுத்துப் போவார். "அதைக் கீறினவன் தான் ஆடாகி நடந்து பாத்திருக்கிறான். இல்லாட்டி அந்தப் பின்பக்கம் அப்பிடிக் கனத்து ஆடாது. கனம் எங்கை இருக்கெண்டு கண்டுபிடிச்சால் ஆள் வந்திடும் பிள்ளை" என்று எனக்குச் சொல்லுவார். சொல்லும்போது கண்ணாடிக்குப் பின்னால் கண் நனைந்திருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நான் அவரை நல்லவர் என்று நம்பினேன்.

நான் பக்கத்து வீடு. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அவர் வாசித்து முடித்த பேப்பரை வாங்க நாள்தோறும் பின்னேரம் போவேன். ஐயா வாசிக்கமுன் நான் வாசித்துவிடுவேன். என் தகப்பனாரைத்தான் ஐயா என்கிறேன். போன இடத்தில் கொப்பிகளை என் முன்னால் பரப்பி, "எது பிழை, சொல்லும்" என்பார்.

இதை எழுதுகிறவள் நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் இருந்து சிரித்தவள்தான். ஊர்த் தலைமைக்காரர் விதானையாரை அவர் கீறியபோது நடை சரியாக இருந்தது, ஆனாலும் விதானையார் வரவில்லை. "மாமா, அவர் சும்மா கை வீசமாட்டார். ஆராவது பாக்கினமோ எண்டு பாத்துப்போட்டுத்தான் வீசுவார்" என்றேன். கை வீச்சை இரண்டு தாள் பிந்திப் போட்டார். விதானையார் வந்துவிட்டார். "உமக்குக் கண் இருக்கு பிள்ளை" என்றார். பெற்றவர்கூட எனக்கு அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அந்தச் சொல்லை மறுபடி கேட்பதற்காக நான் எத்தனை பேரைக் காட்டிக்கொடுத்தேன். மீன்காரி காலைப் பரப்பி வைப்பது பிள்ளை பெற்ற புண் ஆறாததால் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அவருடைய மனைவியை மாமி என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை, அவர்கள் இருவரும்தான். மாமியிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவர் இருக்கிற இடத்தில் மாமி அசையமாட்டா. ஒருநாள் குசினியில் பால் பொங்கி அடுப்பில் ஊற்றுப்பட்டுத் தீய்கிற மணம் வருகிறது. மாமி கதிரையில் இருந்தபடியே இருக்கிறா, கண் மட்டும் குசினிப் பக்கம் போய் வருகிறது. அவர் எழும்பி விறாந்தைக்குப் போன பிறகுதான் ஓடினா. நானும் பின்னால் போய், "ஏன் மாமி இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"நான் கதிரையாலை எழும்புறதைக் கீறி வாறவை போறவைக்கெல்லாம் காட்டினவர் மோனை. கையை ஊண்டி, பிட்டத்தைத் தூக்கி, பிறகு மூச்சு விட்டு. எல்லாரும் சிரிச்சவை. இனி அவருக்கு முன்னாலை நான் எழும்பமாட்டன்."

அந்தக் கொப்பியை நானும் பார்த்திருந்தேன். அதிலும் இரண்டு பிழை சொல்லிக்கொடுத்திருந்தேன். மாமிக்கு அது தெரியாது.

எல்லாருக்கும் பிடித்தது குதிரைக்குட்டிதான். அதற்காக அவர் வள்ளமேறி, குதிரைகள் திரிகிற நெடுந்தீவுக்குப் போய் ஒரு வீட்டில் மூன்று நாள் தங்கி வந்தார். போகவும் வரவும் சத்தியெடுத்து அரை உயிராகிவிட்டார். அந்தக் கொப்பியில் பிறந்த கையோடு ஒரு குட்டி எழும்பப் பார்க்கும். முன்னங்கால்கள் இரண்டும் வழுக்கிப் பரந்துவிடும், மூக்கு மண்ணில் இடிபடும். மறுபடி உன்னி, நடுங்கி, ஒரு மாதிரி நின்றுவிடும். நின்றதும் காது இரண்டையும் ஒருமுறை ஆட்டும். பெண்கள் அதைப் பார்த்து "ஐயோ, என்ரை குஞ்சு" என்று கண்ணைத் துடைப்பார்கள். நானும் துடைத்தேன். "இந்த மனிசருக்கு எவ்வளவு இரக்கம்" என்று ஐயா சொன்னார்.

அவர் தங்கிய வீட்டுப் பெண்ணே ஒரு வருசம் கழித்து நெய் விற்க எங்கள் வீட்டுக்கு வந்தா. குட்டியைப் பற்றி ஆசையாகக் கேட்டேன். அவ முகம் சுருங்கிப்போச்சு.

"அதுவோ. தாய்க் குதிரையை மரத்தோடை கட்டச் சொன்னவர். பிறகு குட்டி எழும்ப எழும்பத் தடியாலை தள்ளி விழுத்தினவர். எழும்புற விதம் பிடிபடேல்லையாம். ஒன்பது தரம் விழுத்தினவர். பிறகு அது எழும்பேல்லை. விடியச் செத்துப்போச்சு."

"படத்திலை எழும்புதே" என்றேன்.

"படத்திலை எழும்பும்" என்று சொல்லி அவ நெய்யை அளந்தா.

அன்றே போய் அவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. "எட்டாந்தரம் வடிவா எழும்பினது பிள்ளை. ஒன்பதாவது தேவையில்லாமல் போச்சு" என்றார். பென்சில் முனை உடைந்ததைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். நான் அன்றோடு அந்த வீட்டு வாசற்படலையை மறந்திருக்க வேண்டும். மறக்கவில்லை. அடுத்த நாளும் பேப்பர் வாங்கப் போனேன்.

இனி என் கால். நாலு வயதில் வந்த காய்ச்சல் இடக்காலைச் சூம்பவைத்துவிட்டுப் போனது. வலக்காலைவிட இரண்டு விரற்கடை கட்டை. அம்மா அதை ஊருக்குத் தெரியாமல் வளர்த்தா என்றுதான் சொல்ல வேண்டும். சீலையை நிலம் கூட்டுகிற மாதிரிக் கட்டவைத்தா. வெளியே போவதென்றால் இடுப்பில் தண்ணீர்க் குடம் இருக்கும், குடம் வைத்தால் யாருடைய உடம்பும் சாயும். ஆறுதலாக நட, கதைத்துக்கொண்டு நட, ஆராவது வந்தால் நின்று பூப்பிடுங்கு. பதினெட்டு வருசம் இந்தப் பாடம் படித்தேன். அயலவர்களில் தெரிந்த இரண்டொருவர் வாய் திறக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் மூட ஏதாவது இருந்திருக்கும்.

பேப்பர் வாங்கப் போகும்போது மட்டும் குடம் கொண்டு போவதில்லை. பக்கத்து வீடுதானே.

எங்கள் பகுதியில் பெண் பார்க்க வீட்டுக்கு வரமாட்டார்கள். பெண் கோயிலுக்குப் போவாள். மாப்பிள்ளை வீட்டாரும் தற்செயலாக வந்தது போல அங்கே நிற்பார்கள். அம்மா புளியங்கூடல் பக்கம் ஒரு கோயிலைத் தேடிப் பிடித்தா. அங்கே வெளிவீதி முழுக்கக் கணுக்கால் புதைகிற மணல். மணலில் யார் நேராக நடக்கிறார்கள்? சுற்றுகிற எல்லாரும் தாராக்கூட்டம் மாதிரி ஆடித்தான் போவார்கள், அதற்குள் நானும் ஒரு தாரா. ஓம், ஏமாற்றத்தான் போனோம். இரண்டு விரற்கடைக்காக நான் ஆயுள் முழுக்கக் குடம் சுமக்க வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளைக்கு ஊர் வேலணை, கொழும்பில் கந்தோர் உத்தியோகம். எனக்கு முன்பு வந்த மூன்று சம்பந்தமும் காணியைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனவை. இந்த மனிதர் தரகரிடம் கேட்டனுப்பியது ஒன்றே ஒன்றுதான். "பேப்பர் வாசிக்கிறவவோ?" அந்தக் கேள்விக்கே நான் அவரைக் கட்டத் தயாராக இருந்தேன். முகம் பார்த்ததில்லை. ஆனாலும் இவர்தான் வேண்டும், இவர் இல்லாவிட்டால் இனி ஒருவரும் வேண்டாம் என்று மனதுக்குள் முடித்துவிட்டேன். எழுதினாலும் அழித்தாலும் அதுதான் உண்மை.

மணலில் என்னைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, பெரியப்பாதான் எல்லாம். அவர் ஐயாவோடு கதைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். கதைத்து முடித்துத் திரும்பும்போது பக்கத்து வீட்டில் தன்னோடு மலாயாவில் இருந்தவர் இருக்கிறார் என்று அறிந்து ஒரு கோப்பி குடிக்க நுழைந்தார். அங்கே கொப்பிகள் வெளியே வந்தன. விதானையார் நடந்தார், மாமி எழும்பினா, குட்டி எழும்பியது. கடைசியாக லாச்சியின் அடியிலிருந்து ஒரு பெண் நடந்தாள்.

"இது ஆர்?" என்று பெரியப்பா கேட்டாராம்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை. நான் கீறினதுக்குள்ளை இதுதான் திறம்" என்றாராம் இவர். மாமி ஒளித்து வந்து எனக்குச் சொன்னா.

இரண்டு நாளில் தரகர் வந்தார். அந்தக் கொப்பியால் பெரியப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்கே வந்து நேரில் கேட்கப் போவதாகவும் சொன்னார். அம்மா தலையில் கை வைத்து இருந்துவிட்டா. ஐயா சால்வையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் பொறுக்க ஏலாமல் பின்னால் போனேன்.

அவர் சந்தோசமாகத்தான் வரவேற்றார். கொப்பியை எடுத்து ஐயாவிடம் நீட்டினார். "தம்பி, மற்றவைக்குப் பதினாறு தாள் காணும். வலக்கால் போறதைக் கீறினால் அந்தத் தாளை மறுபக்கம் திருப்பிக் கண்ணாடியிலை வைச்சு இடக்காலைக் கீறிப்போடலாம். உம்மடை மேளுக்கு அது சரிவராது. ஒரு கால் மாதிரி மற்றக் கால் இல்லை. முப்பத்திரண்டும் தனித்தனி. எட்டு மாசம் எடுத்தது."

ஐயா அதை வாங்கவில்லை. நான் வாங்கினேன். விரலால் விட்டேன். அதற்குள் நான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இடக்கால் இறங்குகிறது. அது தெரியாமலிருக்க வலத்தோள் பொய்யாக நிமிர்கிறது. கையில் இருக்கிற பேப்பரை நெஞ்சோடு இறுக்குவதில் முழங்கை ஒடுங்குகிறது. அந்தத் தோள் நிமிர்வதை அதுவரை நானே அறிந்திருக்கவில்லை. ஒரு பிழையும் சொல்ல இருக்கவில்லை. இவ்வளவு கவனமாக என்னை உலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

"அண்ணை, ஒரு சொல்லுத்தான்" என்றார் ஐயா. "அவர் வந்து கேக்கேக்கை, இது மனசாலை கீறினது, ஆற்றையும் நடையில்லை எண்டு சொல்லுங்கோ. உங்களைக் கும்பிடுறன்." சொன்னது மட்டுமில்லை, கும்பிட்டார். ஐயா கோயிலுக்கு வெளியே கை கூப்பி நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"ஓம் தம்பி, சொல்லுறன். அதுக்கென்ன" என்றார் அவர். பொய்யாகச் சொல்லவில்லை. சொல்லத்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் அங்கே இல்லாவிட்டால் ஒளிக்கிறோம் என்று நினைப்பார்கள், ஆகையால் முன்கூட்டியே போய் மாமிக்குப் பக்கத்தில் இரு என்று அம்மா சொன்னா. "பெரியவர் வந்தால் எழும்பி நில். நடக்காதை மோனை. அவர் படலை தாண்டுமட்டும் ஒரு அடி வையாதை. அது சீமெந்து."

பெரியப்பா வந்தார். எழும்பி நின்றேன். என்னைப் பார்த்து, "இருங்கோ பிள்ளை, இருங்கோ" என்றார். நல்ல மனிதர். ஐயா ஒரு கதிரையில் நுனியில் இருந்தார். பெரியப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார். "அண்டைக்கு நீர் ஒரு கொப்பி காட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்டீர். அது மெய்யா இந்தப் பிள்ளையின்ரை நடையோ?"

"சீ, சும்மா பகிடிக்குச் சொன்னனான், அது கற்பனை" என்றார் அவர். "ஆற்றையும் நடையில்லை."

ஐயா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கும் இந்தச் சம்பந்தம் நடக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

"அதுதானே பாத்தன். எனக்கும் அப்பவே ஐமிச்சம். ஒரு பொம்பிளை இப்பிடி நடப்பாளோ? இடுப்பு ஒரு பக்கம் போகுது, தோள் ஒரு பக்கம் போகுது. ஆள் நடக்கக்கூடிய நடையே அது? கீறேக்கை கை தவறிப்போச்சாக்கும். உமக்கும் வயசு போட்டுதெல்லோ."

அந்த இடத்தில் யாராவது கோப்பி கொண்டு வந்திருந்தால், ஒரு காகமாவது கத்தியிருந்தால், நான் கொழும்பில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஒருவரும் அசையவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டார்.

"எந்தத் தாள் பிழை?" என்று கேட்டார்.

"சும்மா சொன்னனான், விடும்."

"இல்லை, சொல்லும். எந்தத் தாளிலை கை தவறினது?"

"அண்ணை" என்றார் ஐயா. "அண்ணை, விடுங்கோ."

அவர் ஐயாவின் பக்கம் திரும்பவேயில்லை. கொப்பி ஏற்கெனவே கையில் இருந்தது. மாமி என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டா. அவர் என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "பிள்ளை, அந்த வாசல்மட்டும் ஒருக்கா நடவும்" என்றார்.

ஏன் நடந்தாய் என்று கேட்பீர்கள். நடக்காமல் நின்றாலும் அது ஒரு பதில்தான். மூன்று ஆண்கள் என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், குடம் இல்லை, மணல் இல்லை. மாமியின் கையை விலக்கினேன். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன். சீமெந்து வழவழவென்று குளிர்ந்து கிடந்தது. பின்னால் தாள் விழுகிற சத்தம் கேட்டது. என் ஒவ்வொரு அடிக்கும் விரலைப் பிடித்துப் பிடித்து விட்டார். நான் இடக்காலை வைக்க அங்கே தாள் விழுந்தது. தோளை நிமிர்த்தாமல் நடக்கப் பார்த்தேன். அது தானாக நிமிர்ந்தது, அங்கேயும் தாள் விழுந்தது.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தீரோ" என்றார் அவர். குரல் தழுதழுத்தது. "ஒரு தாள் பிசகேல்லை."

கதிரை பின்னுக்குத் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. "தம்பி, குறை நினைக்காதையும். இனி இதிலை கதைக்க ஒண்டுமில்லை" என்று பெரியப்பா ஐயாவிடம் சொல்வது கேட்டது. நான் வெளியே முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை" என்று அவர் கூப்பிட்டார். லாச்சியைத் திறந்து பென்சில் எடுக்கிற சத்தம் கேட்டது. "இனித் திரும்பும். மெல்லமாத் திரும்பும். நீர் திரும்புறதை நான் இன்னும் கீறேல்லை."

நான் மெல்லத்தான் திரும்பினேன். கெதியாகத் திரும்பினால் அந்தக் கால் தாங்காது, விழுந்துவிடுவேன்.